காலிப் பெட்டி

பழமலைநாதன் ஸ்கூட்டரை நிறுத்தியபோது உச்சி வெயிலில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகளுக்குப் பின்னால் இருக்கும் தெரு. சூளையில் வெடித்துப்போன பொம்மைகளை வேலிபோல வாசலில் வரிசையாக நட்டு வைத்திருந்தார்கள். தலையில்லாத பிள்ளையார், தும்பிக்கை போன யானை. எல்லாவற்றின் மேலும் வெள்ளை மண் தூசி. மழை பெய்து மாதக்கணக்கு ஆகியும் அந்த வீட்டு வாசலில் மட்டும் ஈர மண் வாடை அடித்தது.

அவர் யார் என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. நாம் சொல்லாவிட்டால் அவரே ஆரம்பித்துவிடுவார். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரயில்வேயில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. ஆனால் பழைய போட்டோவில் ஒரு கூட்ஸ் பெட்டியின் மூலை தெரிந்தால் போதும். அது என்ன வகை, எந்த வருஷத்துப் படம் என்று அடித்துச் சொல்வார். ‘சரக்குப் பெட்டி ஆய்வு வட்டம்’ என்கிற வாட்ஸ்அப் குழுவுக்கு நிறுவனர், தலைவர், சிறப்புரையாளர் எல்லாம் அவர்தான். குழுவில் பாதிப் பேர் காலை வணக்கம் மட்டும் அனுப்புகிறவர்கள். மீதிப் பேர் வருஷா வருஷம் அவருக்குச் சால்வை போர்த்துவார்கள். சால்வையை முதல் நாளே அவர் வாங்கிக் கொடுத்துவிடுவதால் அவர்களுக்கும் சிரமமில்லை.

“வாங்க சார், உள்ள வாங்க” என்றாள் சுபாஷினி. பொம்மைப் பட்டறையில் வேலை. முழங்கை வரை வெள்ளை மண் காய்ந்திருந்தது.

அவளுடைய அம்மா பார்வதி தரையில், ஓர் இரும்பு பீரோவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பெரிய பொட்டு, கழுத்தில் தாலி. முகத்தில் எதுவும் இல்லை. வந்தவரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

“எம் பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்குது சார்” என்றாள் சுபாஷினி. “அம்மா தாலியோட முன்னால நிக்கலாமா கூடாதான்னு சொந்தக்காரங்க ஆளுக்கொன்னு பேசுறாங்க. அப்பா இருக்காரா இல்லையான்னு எங்களுக்கே தெரியாது. நான் கைக்குழந்தையா இருக்கறப்ப, ஆயுத பூசை அன்னிக்கு வேகன்ல களிமண்ணு மூட்டை ஏத்தப் போனவரு. திரும்பி வரல. எவளையோ கூட்டிக்கினு பம்பாய் போயிட்டாருன்னு சித்தப்பா சொல்றாரு.”

“போனாரா, இல்ல வேற எதுனா ஆச்சா?” பார்வதியின் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. “அது தெரிஞ்சா போதும் சார்.”

பீரோவிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தாள். கருப்பு வெள்ளை. விருத்தாசலம் யார்டில் ஒரு மூடிய கூட்ஸ் பெட்டி. அந்தக் காலத்தில் சுமைக்காரர்கள் ஆயுத பூசைக்கு ஒரு பெட்டியைப் பிடித்துப் பொட்டு வைத்து, கதவுத் தாழ்ப்பாளில் மாலை போட்டு, மேளம் அடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். எல்லோரும் வரிசையாக நின்றார்கள். ஓரத்தில் மேளக்காரர் குச்சியை ஓங்கியபடி இருந்தார். சுபாஷினியின் அப்பா ரத்தினவேல் மட்டும் இல்லை.

பழமலைநாதன் தொண்டையைக் கனைத்தார். “நாலு சக்கரம். மீட்டர் கேஜ். பக்கத்துல எழுதியிருக்கிற பழுதுபார்ப்புத் தேதி பாருங்க, எட்டு, எண்பத்தெட்டு. பெயிண்ட் மங்கவே இல்லை. அப்போ அந்த வருஷத்து ஆயுத பூசையேதான்.”

“அந்த வருஷந்தான் சார்” என்றாள் சுபாஷினி.

“அடுத்து, இது காலிப் பெட்டி. லோடு ஏத்தின பெட்டின்னா தாழ்ப்பாள்ல கம்பி சுத்தி ஈய முத்திரை வெச்சிருப்பாங்க. முத்திரை வெச்சா சேருற ஊர் வரைக்கும் எவனும் தொறக்கக் கூடாது. இதுல இல்லை. ஆக, அன்னைக்கு லோடே ஏத்தலை. உங்கப்பா வேலைக்கே வரலை. காலையிலேயே கிளம்பிட்டார்.”

சொன்னதோடு நிற்கவில்லை. செல்லில் படத்தைப் பிடித்து, ‘1988. காலிப் பெட்டி. ஐயத்துக்கு இடமில்லை’ என்று குழுவிலும் போட்டார்.

“அப்பப் போயிட்டாரு” என்றாள் பார்வதி. பால் வரவில்லை என்று சொல்வதுபோல.

டங்.

டங். டங்.

இரும்புத் தகட்டை உள்ளிருந்து யாரோ கையால் அடிக்கும் சத்தம். பீரோவிலிருந்து.

பார்வதி எட்டி பீரோக் கதவைத் திறந்துவிட்டாள். சத்தம் நின்றது. உள்ளே நாலைந்து புடவைகள்தான்.

“மத்தியானமானா தட்டும் சார். தொறந்தா நின்னுடும். அதனால நான் மத்தியானத்துல எங்கயும் போறதில்ல.”

“வெயில்ல தகடு விரியும்மா. விஞ்ஞானம்.”

“எல்லாரும் அதான் சொல்றாங்க.”

சுபாஷினி மோர் கொண்டுவரப் போனாள். பழமலைநாதன் பூதக்கண்ணாடியை எடுத்தார். பார்க்க வேண்டும் என்றில்லை, அதைக் கையில் வைத்திருப்பது ஒரு களை. தாழ்ப்பாளின் மேல் வைத்தார்.

சாமந்தி மாலை. அதன் நார். நாருக்குப் பின்னால் இன்னொரு இழை.

நார் அப்படி முறுக்கிக்கொண்டு நிற்காது.

கம்பி. அதன் நுனியில், பூவுக்குப் பின்னால் பாதி மறைந்து, சின்ன ஈய வில்லை.

லோடு ஏறியிருக்கிறது. ஏற்றியவர் வேலைக்கு வந்திருக்கிறார். மூட்டைகளுக்கு நடுவே நிழலில் கொஞ்சம் கண்ணயர்ந்திருக்கிறார். பூசை அவசரத்தில் எவனோ உள்ளே பார்க்காமல் கதவை இழுத்து முத்திரை வைத்துவிட்டான். அதற்கு மேல் மாலை. அதற்கு மேல் மேளம். பெட்டியைத் திறந்த ஊரில் அவர் யாரென்று எவனுக்கும் தெரிந்திருக்காது.

கண்ணாடி தானாக நகர்ந்தது. கதவு முழுதாகப் பொருந்தவில்லை, ஒரு விரற்கடை இடுக்கு. அதில் வெள்ளையாக நாலு கோடுகள். முதலில் பார்த்தபோது பெயிண்ட் உரிந்திருக்கிறது என்று நினைத்திருந்தார்.

பெயிண்ட் உரிந்தால் நகம் இருக்காது.

செல் அடுத்தடுத்துச் சிணுங்கியது. ‘அருமை ஐயா.’ ‘தங்கள் கண்ணுக்குத் தப்புமா?’ கைகூப்பிய பொம்மைகள்.

“ஏதாச்சும் தெரியுதா சார்?” என்று மெல்லக் கேட்டாள் பார்வதி.

அந்த இடத்தில் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். ‘தப்பாச் சொல்லிட்டேம்மா’ என்று. குழுவில் இருநூறு பேருக்கு முன்னால் ‘ஐயத்துக்கு இடமில்லை’ என்று போட்டாயிற்று. பழமலைநாதன் செல்லைக் கவிழ்த்து வைத்தார். பயமா, வெட்கமா என்று அவருக்கே பிரிக்கத் தெரியவில்லை.

“காலிதாம்மா” என்றார்.

பார்வதி படத்தை வாங்கக் கை நீட்டவில்லை. “அப்ப இந்தப் படம் எனக்கு எதுக்கு? நீங்களே எடுத்துக்கினு போங்க சார்.”

வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆய்வாளருக்குக் காரணம் கிடைக்கவில்லை. எடுத்துக்கொண்டு போனார். மோரை அவர் குடிக்கவில்லை.

வீட்டில் படத்தைத் தன்னுடைய பீரோவில், சால்வைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் உச்சி வெயில். மனைவி அமுதவள்ளி அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

டங்.

“ஏங்க, யாரோ தட்டுறாங்க பாருங்க.”

டங். டங்.

“வாசல்ல இல்லீங்க. உள்ள.”

அவர் எழுந்து போய்ச் சாவியைத் திருகினார். கதவைத் திறந்ததும் ஈர மண் வாடை முகத்தில் அடித்தது. அடுக்கி வைத்த சால்வைகளின் மேல், ஜரிகையைத் தாண்டி, வெள்ளையாக நாலு விரல் இழுத்த தடம்.

செல் அடித்தது. சுபாஷினி.

“சார், அம்மா கேக்கச் சொன்னாங்க. இங்க இன்னிக்குத் தட்டல. காலையிலேர்ந்து பீரோவத் தொறந்து வெச்சிக்கினு அப்பிடியே ஒக்காந்திருக்குது, சோறும் திங்கல. உங்க வூட்ல தட்டுனா ஒடனே தொறந்து விடச் சொல்லுது சார். உள்ள ரொம்பப் புழுங்குமாம்.”

“தொறந்துதாம்மா இருக்குது” என்றார் பழமலைநாதன்.

திறந்த கதவில் மறுபடி தட்டியது.