சிம்மாசனத்தில் போட்ட துளை

லாரியிலிருந்து சிம்மாசனம் கால் ஒடிந்துதான் இறங்கியது. மக்கு மன்னனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாடகக் குழுவில் அவனுக்கு அதுதான் பெயர். பதினாறு வயது, ராஜா வேஷம், ஒரு வரி வசனம்கூட மனப்பாடம் கிடையாது.

"ராஜாவும் நொண்டி, நாற்காலியும் நொண்டி. பொருத்தம்தான்."

"வசனத்தப் படிச்சியாடா?" என்றார் சித்தப்பா. குழு அவருடையது. நாடகத்தை எழுதியதும் அவர்தான்.

"அதுக்கு சோப்பு டப்பா மேல இருக்கறதப் படிக்கலாம்."

தான் நடிக்கும் அந்த ராஜாவை நினைத்தாலே அவனுக்கு எரிச்சல். பால்மணம் மாறாத வயதில் முடிசூட்டிவிட்டு, சிற்றப்பன் பின்னாலிருந்து ஓத, அதையே ஆணையென்று ஒப்பித்த அழுமூஞ்சி. நிஜத்தில், வளர்ந்ததும் அவனைச் சிற்றப்பனே அறைக்குள் அடைத்துப் பட்டினி போட்டுக் கொன்றானாம். நாடகத்தில் சிற்றப்பன் வேஷம் சித்தப்பாவுக்கு. ஆகவே முடிவு மாறிவிட்டது: ராஜா எல்லாத் துரோகத்தையும் மன்னித்து விடுகிறான். மீசையை ஒட்டிக்கொண்டால் நியாயமும் கூடவே ஒட்டிக்கொள்ளும் என்று அவருக்கு நினைப்பு.

படிக்காமலே அவன் காலம் ஓட்டியதற்குக் காரணம் உண்டு. சிம்மாசனத்தின் முதுகில், இடது காது உயரத்தில், ஒரு துளை. பின்னால் கறுப்புத் திரைக்குள் அக்கா உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுப்பாள். காதில் விழுவது யோசனையில்லாமல் அவன் வாயில் வரும்.

மேடைக்கு அடியிலிருந்து வேறொரு நாற்காலியை இழுத்து வந்தார்கள். கறுத்த மரம். கைப்பிடிகளின் உள்பக்கம் முழுக்க நகக் கீறல்.

"இது நாடகச் சாமான் இல்லீங்க," என்றார் கொட்டகைக் காவலாளி. "கொட்டகை கட்டறதுக்கு முன்னாடியே இங்க கெடந்துச்சு."

"அப்ப வாடகை கேக்க ஆளில்ல," என்று சித்தப்பா அதன் முதுகிலும் துளை போட உளியை எடுத்துவரச் சொன்னார்.

துளை விழுந்ததும் உள்ளிருந்து ஒரு வாடை. நாட்கணக்காகச் சாப்பிடாதவன் வாய் திறந்தது போல.

"பல்லு வெளக்காத நாற்காலி," என்றான் மக்கு மன்னன். யாரும் சிரிக்கவில்லை.

மாலை நாடகம் தடங்கலில்லாமல் நடந்தது. கடைசிக் காட்சி. சித்தப்பா மண்டியிட்டுத் தலை குனிந்தார். 'மன்னித்தேன்' என்று அக்கா சொல்ல வேண்டும். இவன் காத்திருந்தான்.

துளைக்குள் மூச்சு கேட்டது.

பிறகு குரல். அவன் வயதுப் பையனின் வறண்ட குரல்.

"இவனையா? தூ."

அப்படியே சொன்னான். சபை சிரித்தது. சித்தப்பா திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"தலையை எடுங்கள்."

அதையும் சொன்னான்.

கைத்தட்டல் கூரையைப் பிளந்தது. சித்தப்பா முகங்குப்புற விழுந்தார். என்ன நடிப்பு என்று சபை எழுந்து நின்றது.

உயிர் போகவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டுக் குறையொன்றும் இல்லை என்றார்கள். ஆனால் குரல் வரவில்லை. கழுத்தைச் சுற்றி நூல் பிடித்தாற்போல ஒரு சிவப்புக் கோடு.

வீட்டுக்கு வந்து படுத்தபின், இருட்டில், அக்காவின் கட்டில் பக்கம் திரும்பிக் கிசுகிசுத்தான்.

"அக்கா, நீதானே அப்படி எடுத்துக் குடுத்த? ஆமான்னு சொல்லேன்."

அக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"கடைசிக் காட்சியில துளை அடைச்சிருந்துச்சுடா. என்னன்னு விரல விட்டுப் பாத்தேன்."

"என்னது?"

"உதடு."

அவன் கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

"அக்கா, நீ வேற ரூமுக்குப் போயிடு. அது சொன்னா நான் சொல்லிடுவேன். எனக்குன்னு ஒரு வசனம்கூடத் தெரியாதுக்கா."

"ஒளறாத. படு. நான் இங்கதான் இருக்கேன்."

மன்னித்தேன், மன்னித்தேன் என்று உள்ளுக்குள் உருப்போட ஆரம்பித்தான். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வசனத்தைப் படித்தான்.

சுவர்ப் பக்கமிருந்து இடது கன்னத்தில் ஏதோ பொடிப்பொடியாக உதிர்ந்தது. தொட்டுப் பார்த்தான்.

சுவர் சிமெண்ட். உதிர்ந்தது மரத்தூள்.

அந்தப் பசி வாடை காதருகே வந்தது.

"பின்னாலிருந்து ஓதியவள் எங்கே?"

பொத்தியிருந்த கை தானாக விலகியது.