நாற்பத்தேழாம் எண் மஞ்சள் டேக்

ஃபேரர் பார்க் ரயில் நிலையத்தின் படியேறி வெளியே வந்தபோது வானம் வெளுத்துத்தான் கிடந்தது. பெட்டியை உருட்டிக்கொண்டு சாலையைக் கடப்பதற்குள் காற்று சட்டென்று நின்றது. அடுத்த நிமிடம் கொட்டு கொட்டென்று கொட்டித் தீர்த்தது. வைஷாலிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. திருச்சியில் நவம்பர் மழை மூன்று நாள் அழுது வடியும். இந்த ஊர் மழைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது போலிருக்கிறது.

அவள் கணவன் இளமாறன் சிரிக்கவில்லை. ஓட்டல் இருந்த சந்துக்குள் திரும்பியதிலிருந்தே அவன் பேச்சு நின்றுபோயிருந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதே ஊரில் கட்டுமானத் தளத்தில் சூப்பர்வைசராக இருந்தவன் அவன். கல்யாணமாகி ஆறு வருடமாக அவளும் சிங்கப்பூரைக் காட்டு, காட்டு என்று நச்சரித்துப் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் ஒரு சாக்கு வைத்திருந்தான். இந்தத் தீபாவளிக்கு அவளே டிக்கெட் போட்டாள், அவளே ஓட்டலும் பிடித்தாள். எந்த ஓட்டல் என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

வாசலில் நின்று பெருமையாகக் கையை விரித்தாள்.

"எப்படி? நீங்க கட்டின பில்டிங்! உங்க பழைய ஃபோட்டோ பின்னாடி தெருப் பேர் எழுதியிருந்துச்சு. தேடிக் கண்டுபிடிச்சுட்டேன் பாத்தீங்களா?"

அவன் அண்ணாந்து ஏழு மாடியையும் பார்த்தான். பிறகு காலடியில் தரையைப் பார்த்தான்.

"வேற ஓட்டல் போலாம், வைஷு."

வரவேற்பு மேசையில் இருந்த ரமீஸ் என்ற இளைஞன் உதட்டைப் பிதுக்கி, இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வோடு சொன்னான். "தீபாவளி வீக்கெண்ட் அண்ணே. இந்தத் தேக்கா ஏரியாவுல எங்கயும் ரூம் கிடைக்காது லா."

ஐந்தாம் மாடியில் அவர்கள் அறை. கதவின் கைப்பிடியில் ஏதோ தொங்கியது. தொந்தரவு செய்யாதீர்கள் என்று ஓட்டல்காரர்கள் மாட்டும் அட்டையாக்கும் என்று நினைத்துக் கிட்டே போனாள். இல்லை. உள்ளங்கை அகல மஞ்சள் பிளாஸ்டிக். ஒரு துளை, அதில் அழுக்குக் கயிறு. 47 என்ற எண்ணும், கீழே கையால் எழுதிய பெயரும். நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பெயரைப் படிப்பதற்குள் இளமாறன் அதை வெடுக்கென்று கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

அறைக்குள் ஈர சிமெண்டு வாடை. புதுக் கட்டடமாக இருந்தால் பரவாயில்லை, இது எட்டு வருடம் ஓடிய ஓட்டல்.

வைஷாலி குளிக்கப் போனாள். குழாயை மூடியதும் குளியலறைக் கதவைத் தட்டும் சத்தம்.

டக். டக். டக்.

"இருங்க, வந்துட்டேன்!" என்று குரல் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் உறைத்தது. அவன் தட்டினால் கல்யாண மோதிரம் மோதி ணங்கென்று ஒரு சத்தம் கூடவே வரும். இதில் அது இல்லை.

வெளியே வந்து பார்த்தால் இளமாறன் கட்டிலின் கோடியில், எழுந்தே இராதவன்போல் உட்கார்ந்திருந்தான்.

"நீங்க தட்டலையா?"

"மூணு தடவையா?" என்றான் மெதுவாக.

அதற்குப் பிறகு அவனால் அடக்கிவைக்க முடியவில்லை.

"பேஸ்மென்ட்டுக்கும் கீழ மழைத் தண்ணி பிடிச்சு வைக்கிற தொட்டி இருக்கு. பெரிய மழையில ரோடு முங்காம இருக்க, தண்ணிய உள்ள வாங்கி வெச்சுக்கும். தொட்டிக்குள்ள இறங்கறவன் தன் டேக்க வெளிய போர்டுல மாட்டிட்டு இறங்கணும். மேல வந்தா அவனேதான் கழட்டணும். அடுத்தவன் கை வைக்கக் கூடாது. போர்டு காலியானாத்தான் மூடி போடலாம்."

வெளியே இடி உறுமியது. அவன் அது அடங்கும்வரை காத்திருந்தான்.

"அன்னிக்கு தீபாவளிக்கு முந்தின நாள். வானம் இருட்டிக்கிட்டு வந்துச்சு. பசங்கள ஏத்திட்டுப் போக லாரி நின்னுட்டிருந்துச்சு. போர்டுல ஒரே ஒரு டேக். நாப்பத்தேழு. மருதப்பன். ரெண்டு தடவை கூப்பிட்டேன், பதில் இல்ல. கழட்ட மறந்துட்டு லாரில ஏறிட்டான்னு நெனச்சு, நானே கழட்டிட்டேன்."

"தெரியாம நடந்ததுதானேங்க…"

அவன் இல்லை என்று தலையசைத்தான்.

"மூடி போட்டப்புறம் தட்டினான், வைஷு. உள்ள ஆள் இருக்குன்னா மூணு தட்டு. அதுதான் எங்க வழக்கம். இடின்னு சொன்னேன் பக்கத்துல இருந்தவன்கிட்ட. எனக்கும் அப்படியே சொல்லிக்கிட்டேன்."

விசாரணையில், டேக் மாட்டாமலே இறங்கிவிட்டான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். செத்தவன் மேல் பழி விழுந்தது. மருதப்பனின் மனைவி தங்கம் ஊரிலிருந்து ஃபோனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம்: "எம் புருசன் அவ்ளோ அஜாக்கிரதையாண்ணே?" இவன், "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு வைத்திருக்கிறான்.

வைஷாலிக்கு அருவருப்பாக இருந்தது. ஆறு வருடமாகத் தலை சாய்த்துத் தூங்கிய தோள் அது.

"நாளைக்கே போய் உண்மையச் சொல்லிடுங்க."

"சொன்னா நான் உள்ள போக வேண்டியதுதான். ஒம்பது வருசமாச்சு, இனிமே சொல்லி யாருக்கு என்ன ஆகப் போகுது?"

எழுந்துபோய் அந்த மஞ்சள் டேக்கைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டான். அது சுழன்று சுழன்று கீழே போனது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல், மத்தியானம் அவள் தனியாக லிட்டில் இந்தியாவுக்குப் போனாள். சிராங்கூன் சாலை முழுக்கத் தோரண விளக்குகள், மல்லிகை வாசம், தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். விடுமுறை நாளில் கூடிய, வேலைக்கு வந்த நம் ஊர்ப் பையன்கள் ஃபோனில் தங்கள் வீட்டாரிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவனும் ஒரு மருதப்பன் என்று தோன்றியது. நாலு மணிக்கு வானம் உடைந்தது. கடைகளின் முன்னால் இருந்த கூரையடியில் ஒதுங்கி நின்றாள். பைக்குள் ஃபோன் ஒலித்தது அந்த மழையில் அவள் காதில் விழவில்லை.

திரும்பி வந்தபோது ரமீஸ் அவளைக் கூப்பிட்டான்.

"அக்கா, அண்ணனோட கீ கார்டு. பேஸ்மென்ட் வேலையாள் ஒருத்தர் கொண்டாந்து கொடுத்தார். 'சார் மேல வந்துட்டாரு, அவங்க வீட்டம்மாகிட்ட குடுத்துடுங்க'ன்னார்."

கார்டின் மூலையில் ஒரு துளை போடப்பட்டிருந்தது. அதில் அழுக்குக் கயிறு.

"யாரு கொடுத்தது?"

"தெரியல லா. ஹெல்மெட், மஞ்சள் பூட்ஸ். ஃபுல்லா நனைஞ்சு போயிருந்தார்."

வைஷாலி ஃபோனை எடுத்தாள். எட்டு அழைப்புகள். ஒரு குரல் பதிவு, இருபத்தைந்து நிமிடத்துக்கு முந்தையது. காதோடு வைத்துக் கேட்டாள். மூச்சிரைப்பு. தண்ணீர் விழும் சத்தம்.

"வைஷு, ஏன் எடுக்க மாட்டேங்கற? நீ கூப்பிட்டன்னு கீழ வந்தேன். தொட்டி திறந்து கெடக்கு. போர்டுல உன் பேர் போட்ட டேக் தொங்குது. உள்ளேருந்து நீ அழற சத்தம் கேக்குது. பயப்படாத. என் கார்ட மாட்டிட்டு நான் இறங்கறேன்."

படிக்கட்டில் அவள் எப்படி இறங்கினாள் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. இரண்டாம் பேஸ்மென்ட்டில் பாதுகாவலர் அண்ணாதுரை நாற்காலியிலிருந்து எழுந்தார். அவருக்குப் பின்னால் இரும்பு மூடி. நான்கு பூட்டும் இறுகப் போட்டிருந்தது.

"தொறங்க! உள்ள என் புருஷன் இருக்காரு!"

"யாரும் இல்ல மேடம். போர்டு காலியா இருக்கு பாருங்க."

காலியாகத்தான் இருந்தது. வரிசையாக வெறும் ஆணிகள். ஓர் ஆணியிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மூடிக்கு அடியில் கேட்டது.

டக். டக். டக்.

ஒவ்வொரு தட்டோடும் ணங்கென்று மோதிரச் சத்தம்.

"இடி மேடம்," என்றார் அண்ணாதுரை.

அவள் அலறிய அலறலில்தான் அவர் சாவிக்கு ஓடினார். சாவி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. தீயணைப்பு வீரர்கள் வந்து பூட்டுகளை அறுத்து மூடியைத் தூக்கியபோது தண்ணீர் விளிம்பு வரை நின்றது.

அவனை வெளியே எடுக்கையில் மழை விட்டிருந்தது.

ஆறு மணிக்கு, தமிழ் பேசும் போலீஸ் அதிகாரி ஒருவர் அவளுக்குச் சூடாகத் தேநீர் வாங்கித் தந்து எதிரே உட்கார்ந்தார். பரிவாகத்தான் கேட்டார்.

"உங்க கணவருக்கும் இந்தக் கட்டடத்துக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்காம்மா?"

வைஷாலி வாயைத் திறந்தாள். மாமியாரின் முகம் வந்தது. திருச்சிக்கு எடுத்துப் போகவேண்டிய உடலும், அதைப் பார்க்க வரப்போகும் ஜனமும் நினைவுக்கு வந்தன. இறந்தவன் பெயரையாவது காப்பாற்ற வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. எந்த இறந்தவன் என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை.

"இல்ல சார். நாங்க சுத்திப் பாக்க வந்தோம்."

அந்தக் குரல் பதிவை அதற்கு முன்பே அழித்துவிட்டிருந்தாள்.

மாற்றுத்துணி எடுக்கத் தனியாக மேலே போனாள். ஐந்தாம் மாடியில் விளக்கெல்லாம் எரிந்தது. லிஃப்டிலிருந்து அவர்கள் அறை வரைக்கும் தரைக் கம்பளம் சொதசொதவென்று நனைந்திருந்தது.

கைப்பிடியில் அது தொங்கியது.

மஞ்சள் டேக். 47. இந்த முறை பெயரை முழுசாகப் படித்தாள். மருதப்பன். மாட்டவே இல்லை என்று இளமாறன் எழுதிக் கொடுத்த டேக், வேண்டுமானால் கழற்றிப் பார் என்பதுபோல் அவள் கைக்கெட்டும் தூரத்தில்.

கை தானாக நீண்டது. கயிற்றைத் தொட்டது.

உள்ளேயிருந்து, மோதிரச் சத்தமில்லாமல், தட்டினார்கள்.

டக். டக். டக்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். "சொல்லிடறேன்," என்றாள். "இப்பவே கீழ போய் எல்லாத்தையும் சொல்லிடறேன்."

கைப்பிடியில் டேக் ஆடி நின்றது.

பிறகு அதே கதவின் அடியில், தரையோடு தரையாகக் கிடந்து, நானும் உள்ளே இருக்கிறேன் என்று யாரோ கெஞ்சுவதுபோல், இன்னொரு கை மூன்று முறை தட்டியது. ஒவ்வொரு தட்டோடும் மோதிரச் சத்தம்.