காணாமல் போன அன்னப்பட்சி

"அக்கா, நான் அழிக்கல. அண்ணாச்சி நம்ப மாட்டேங்காரு" என்றாள் முத்துமாரி. ஷ்யாமளாவின் மாட்டுங்கா வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

ஷ்யாமளா பழைய கம்ப்யூட்டர்களைச் சரிசெய்பவள். அவள் கணவர் வைத்தீஸ்வரன் ஓய்வு பெற்ற பிறகு அவளுடைய கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு கூடவே அலைகிறார். போகிற இடத்திலெல்லாம் யார்மீதாவது உடனே சந்தேகப்படுவது அவருடைய சொந்த உபயம்.

தாராவியில் கணேசபாண்டியனின் எம்பிராய்டரி பட்டறையில் டிசைன் வரைவது முத்துமாரியின் வேலை. கல்யாணச் சேலைக்காக அவள் வரைந்த அன்னப்பட்சியை அன்று சாயங்காலமே வாடிக்கையாளர் பார்த்து ஒப்புக்கொண்டார். மறுநாள் காலை அது கம்ப்யூட்டரில் இல்லை. அவள் தம்பி அண்மையில்தான் போட்டிப் பட்டறையில் சேர்ந்திருந்தான். டிசைனை அவனுக்குக் கொடுத்துவிட்டு இங்கே அழித்துவிட்டாள் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லி அவளை வெளியே அனுப்பிவிட்டார் கணேசபாண்டியன். திருடி என்ற பெயரோடு போனால் தாராவியில் வேறு எந்தப் பட்டறையும் அவளைச் சேர்க்காது.

"தம்பிதான், ஷ்யாமளா. பளிச்சுனு தெரியறதே" என்று முத்துமாரியோடு பட்டறைக்குப் போகும் வழியில் வைத்தீஸ்வரன் காதைக் கடித்தார்.

"ஏன்னா, பை பத்திரம்" என்றாள் அவள்.

தையல் மெஷினோடு ஒத்துப்போகும் சாஃப்ட்வேர் புதிய கம்ப்யூட்டர்களில் ஓடாததால் பட்டறையில் இன்னும் பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டர்தான். "டிசைனுக்குப் பேரு வைக்கிறதே கிடையாது. அதுவா ஒரு நம்பர் போட்டுக்கிடும். நாங்க தேதியப் போட்டுத்தான் தேடுவோம்" என்று கணேசபாண்டியன் டிசைன் வரைந்த தேதியைத் தட்டினார். திரையில், தேடித் தரும் கார்ட்டூன் நாய்க்குட்டி வாலை ஆட்டிவிட்டு ஒன்றுமில்லை என்றது. அதன் முகத்தில் ஒரு வெட்கமும் இல்லையே என்று வைத்தீஸ்வரனுக்கு எரிச்சல் வந்தது.

ஷ்யாமளா நாயைப் பார்க்கவில்லை. திரையின் மூலையைப் பார்த்தாள். அங்கே விடியற்காலை மூன்று மணி. வாசலில் உச்சி வெயில்.

"முத்துமாரி, காலம்பற இதை ஆன் பண்ணினா ஏதாவது கேக்கறதா?"

"ஆமாக்கா. கருப்பா ஒண்ணு வந்து, பட்டனை அமுக்கச் சொல்லும். அமுக்கினா போயிரும். போன வாரத்துலேருந்துதான் இப்பிடி."

"அதுக்கப்பறம் எத்தனை டிசைன் வரைஞ்சே?"

"அன்னப்பட்சி ஒண்ணுதான்."

"ராத்திரி மெயின் ஸ்விட்சை யார் அணைக்கறா?"

"நாந்தான்" என்றார் கணேசபாண்டியன். "பக்கத்துச் சந்துல தீப்பிடிச்ச நாள்லேருந்து என் கையாலதான் அணைக்கேன். வேற ஆளை நம்ப மாட்டேன்."

ஷ்யாமளா மெஷின்களை நிறுத்தி எல்லோரையும் அருகே வரச் சொன்னாள்.

"இந்தப் பெட்டிக்குள்ள பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி இருக்கு. கரண்ட் இல்லாதப்போ தேதியை ஞாபகம் வெச்சுக்கறது அதுதான். போன வாரம் செத்துப்போயிடுத்து. கரண்ட் இருந்தாலாவது சமாளிச்சிருக்கும். நீங்க மெயினை அணைக்கறேள், அதனால தெனம் காலம்பற இது பழைய தேதிக்குத் திரும்பிடறது. அன்னப்பட்சியை எந்த வருஷக் கணக்குல சேர்த்திருக்குன்னு பாப்போமா?"

திரை மூலையில் இருந்த கடிகாரத்தைத் தட்டினாள். 2002, ஜனவரி ஒன்று. அந்தத் தேதியைப் போட்டுத் தேடினாள். நாய்க்குட்டி மறுபடி வாலை ஆட்டியது. ஒரே ஒரு ஃபைல் வந்தது. திறந்ததும் கழுத்தை வளைத்துக்கொண்டு அன்னப்பட்சி நின்றது.

தம்பியைச் சந்தேகப்பட்டதை நினைத்து வைத்தீஸ்வரன் நாணிப் போனார். பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார்.

"சரி, இருக்கட்டும். வந்து உக்காரு, வேலையப் பாரு" என்றார் கணேசபாண்டியன்.

முத்துமாரி அசையவில்லை. "அண்ணாச்சி, எல்லாரும் கேக்கத்தான் என்னையத் திருடின்னு சொன்னீங்க. இப்பவும் எல்லாரும் இங்கதான் இருக்காங்க. மெஷினும் நின்னுதான் கிடக்கு."

கணேசபாண்டியன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. இந்தப் பிள்ளை எதையும் எடுக்கல. தப்பு என் மேலதான்."

அதைக் கேட்ட பிறகுதான் முத்துமாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மெஷினைப் போடுங்க" என்றாள்.