ஓதம் வடியும்வரை

ஐப்பசிப் பௌர்ணமி நிலவு சங்கத்துறையின் கழிமுகத்தை மெல்லத் தொட்டுக்கொண்டிருந்த அந்தி வேளை அது. ஓதம் ஏறி முகத்துவாரத்து மணல்திட்டை மூடியிருந்தது. அது வடிந்துவிட்டால் விடியும்வரை எந்த மரக்கலமும் கடலுக்குள் போக முடியாது. புயல் மாதத்தில் மாலுமிகளைக் கடலுக்கு விரட்டிப் பலிகொடுத்த கடற்படைத் தலைவர் அரையன் பூதனாருக்கு எதிராகக் கலகக்கொடி தூக்கியிருந்தான் எயினன் சாத்தன். தலைவர் வடக்கே போய்விட்டார் என்று நம்பி, இன்றிரவே அவருடைய கடற்கோட்டையைப் பிடிக்கப் புறப்பட்டவன், இப்போது இடுப்பளவு நீரில் குனிந்து ஒரு சங்கு வளையைத் தேடிக்கொண்டிருந்தான். அவன் ஊதப்போகும் கொம்பொலிக்காக அவனுடைய கலங்கள் காத்திருந்தன.

வளையைத் தவறவிட்டவள் படித்துறையில் நின்ற தேசநங்கை. தவறவிட்டாளா? வாசகர்களே, உங்களிடம் ஒளிப்பானேன், வேண்டுமென்றேதான் போட்டாள். அவள் பூதனாரின் ஒரே மகள். தந்தையின் கலங்கள் வடக்கே போகாமல், எதிர்த் தீவின் மறைவில் விளக்கணைத்துப் பதுங்கியிருப்பது அவளுக்குத் தெரியும். சொன்னால் தந்தைக்குத் துரோகம். சொல்லாவிட்டால் சாத்தன் உயிரோடு திரும்பமாட்டான். பாவம், அந்தப் பெண் வேறென்ன செய்வாள்?

"இன்னும் சற்று இடப்பக்கம் பாருங்கள்" என்றாள்.

"ஒரு வளைக்காக ஒரு படையையே நிறுத்தி வைத்திருக்கிறீர்கள், தேவி."

"என் தாயின் வளை அது."

"அப்படியானால் தேடத்தான் வேண்டும்."

நீர் அவன் தொடைக்கு இறங்கியது, பிறகு முழங்காலுக்கு. அப்போது வாடைக்காற்று திடீரென்று சீறி எழுந்தது. தீவின் பின்னே, ஒன்றோடொன்று மோதிவிடாமலிருக்கக் கலங்கள் வரிசையாக விளக்கேற்றின. சாத்தன் நிமிர்ந்து வெகுநேரம் பார்த்தான். தேசநங்கை முகத்தை மூடிக்கொண்டாள்.

"காட்டிக்கொடுத்தது காற்றுதான், தேவி. நீங்கள் வாய் திறக்கவில்லை" என்று கனிவாகச் சொன்ன சாத்தன் தலைப்பாகையை அவிழ்த்தான். அதன் மடிப்பிலிருந்து சங்கு வளை வந்தது, துளி ஈரமில்லாமல்.

"எப்போது கிடைத்தது?"

"நீர் இடுப்பளவு இருந்தபோதே."

"பின் ஏன் தேடினீர்கள்?"

"ஓதம் வடிவது மாலுமிக்குத் தெரியாதா? காரணம் சொல்லாமல் நீங்கள் தவித்தபோதே, அது சொல்லக்கூடாத காரணம் என்று புரிந்துகொண்டேன்."

அவள் கையை நீட்டினாள். அவனோ வளையை மறுபடி மடிப்பில் வைத்துக்கொண்டான்.

"நாளை ஆயுதமின்றி உங்கள் தந்தையின் முன் நிற்பேன். புயல் மாதத்தில் இனிக் கலம் செலுத்துவதில்லை என்று அவர் வாக்களித்த பிறகே இதை உங்கள் கையில் இடுவேன். இந்தக் கடல்மீது ஆணை."

தேசநங்கை மற்றக் கையிலிருந்த வளையையும் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீங்கள் வெறுங்கையோடு வாருங்கள். நானும் வெறுங்கையோடு உங்கள் அருகில் நிற்கிறேன். வளைகள் எங்கே என்று அப்பா என்னைக் கேட்கட்டும்."