கழுத்துப்பட்டை வாத்தின் கூடு

"அதன் கூட்டைக் காணாமல் ஊர் திரும்பேன்!" என்று சூளுரைத்துவிட்டுப் பால்துரை தனியனாக லடாக்கின் ஏரிச் சதுப்பில் இறங்கினான்.

பால்துரையின் ஊரான கூந்தன்குளத்தில் குளிர்காலத்தைக் கழித்தபின் இமயத்தையே தாண்டிப் பறக்கும் வரித்தலை வாத்துகளுள் ஒன்றன் கழுத்தில், ஆய்வாளர்கள் மஞ்சள் பட்டை அணிவித்திருந்தனர். அது முட்டையிடும் இடத்தைக் கண்டறியவே அவனும், விலங்கியல் பயிலும் அவன் தங்கை முத்துவடிவும் அத்துணைத் தொலைவு வந்திருந்தனர்.

சிறிது நேரத்தில் பனிமூட்டம் ஏரியை விழுங்கியது. மாலை நெருங்கியும் அவன் திரும்பவில்லை!

ஜீப் ஓட்டுநர் நோர்பு, ராணுவ முகாமிலிருந்த தமிழ் வீரர்களிடம் தமிழ் கற்றவர். தொண்டை கிழியக் கூவினார், ஹாரனை அழுத்தினார். மறுமொழி இல்லை.

"இருட்டினா உறைஞ்சு போவான், தங்கச்சி! உயிரோட இருந்தா குரல் குடுக்க மாட்டானா?"

முத்துவடிவு திடுக்கிட்டாள், மறுகணமே நிமிர்ந்தாள்.

"குடுக்க மாட்டான்ணே! ஹாரனை நிறுத்துங்க! பறவை அடைகாக்குற பக்கம் எங்க ஊர்ல யாரும் சத்தம் போட மாட்டோம். தீவாளிக்கு வெடிகூட கிடையாது. அவன் வாயைப் பொத்திக்கிட்டு இருக்கான்னா, பக்கத்துல கூடு இருக்கு!"

"உயிர் போறப்பவுமா?"

"அம்புட்டு வீம்பு அவனுக்கு!"

இன்ஜின் அடங்கியது. இருவரும் செவிமடுத்தனர். இடப்புறத்தில் வாத்துகளின் தணிந்த முனகல்! இடுப்பில் கயிறு பிணைத்து, மூச்சு முட்ட, முழங்காலளவு குளிர்நீரில் விரைந்தனர். மண்திட்டு ஒன்று தென்பட்டது. அதன் ஓரத்தில், சுளுக்கிய காலும் நீலம் பாரித்த உதடுமாகக் கிடந்த பால்துரை, அவர்களைக் கண்டதும் விரலை உதட்டின்மேல் வைத்தான்!

"கூப்பிட்டா என்னண்ணே, கிறுக்கா ஒனக்கு?" என்று கிசுகிசுத்தாள் தங்கை. அவள் கண்கள் பொங்கின.

"மெதுவா, பிள்ளை. அங்க பாரு."

புல்லுக்கிடையே, முட்டைகளின்மேல், மஞ்சள் பட்டை!

நோர்பு அவனைத் தோளில் சுமந்து மீண்டார். ஜீப்பிலிருந்த கம்பளியும் வெண்ணெய்த் தேநீரும் அவன் நடுக்கத்தைத் தணித்தன.

"நல்ல ஊருய்யா! காணாமப் போனாலும் மரியாதையா காணாமப் போறீங்க!" என்று நோர்பு உரக்கச் சிரித்தார்.

மார்கழியில் கூந்தன்குளத்தில் வாத்துகள் வந்திறங்கின. மஞ்சள் பட்டைக்குப் பின்னே, தலையில் இன்னும் வரி விழாத மூன்று இளம்பறவைகள்! கரையில் திரண்டிருந்தோர் பால்துரையைத் தோள்மேல் தூக்கினர்.

முத்துவடிவு அவன் காதருகே எம்பினாள். "இனிமே கயிறு கட்டாமத் தனியா எறங்கிப் பாரு, ஊரே கேக்கக் கத்துவேன்!"

"எறங்க மாட்டேன் தாயீ!" என்று அவன் கைகூப்பினான்.

ஊர் முழுதும் வெற்றி கொண்டாடியது. ஒருவர் வாயிலிருந்தும் ஓசை எழவில்லை.