மூட்டுச் சீழ்

“அண்ணி, இன்னைக்குப் பன்னிங்க ஏன் கத்தவே மாட்டேங்குதுங்க?”

கொழுந்தன் இப்படிக் கேட்டபோது கால்நடை மருத்துவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. தகரக் கூரை அதிரும்படி பட்டியில் அறுபது பன்றிகள் அலறிக்கொண்டிருந்தன. வாய் ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பெயர் வாங்கியவன் அவன். இதுவும் அவன் கிண்டல்களில் ஒன்று என்று நினைத்து, போய் வேலையைப் பார் என்று கையசைத்தாள். மின் இடுக்கியைத் தலையில் வைத்துப் பன்றிகளை மயக்கி, சங்கிலியில் மாட்டித் தூக்கிவிடுவது அவன் வேலை. அவள் சிபாரிசில் கிடைத்தது.

அவளுடைய மேடை அறுப்புக் கூடத்தின் மறுகோடியில். சுடுநீர்த் தொட்டியில் மயிர் நீங்கி, வயிறு பிளந்து, ஆவி பறக்கத் தலைகீழாக வரும் ஒவ்வொரு உடலிலும் நிணநீர் முடிச்சுகளைக் கீறி, நுரையீரலை அழுத்தி, மூட்டுகளைத் தடவி, கிருமி தங்கிய அடையாளம் இருக்கிறதா என்று அவள் பார்க்க வேண்டும். இரத்தமும் குளோரினும் ஈர மயிரும் கலந்த நாற்றம் பத்து வருடத்தில் பழகிப்போயிருந்தது. ஆனால் இரண்டு வாரமாக ஒரே பண்ணையின் பன்றிகளுக்கு மூட்டுகள் வீங்கியிருந்தன. கத்தி பட்டதும் மஞ்சள் சீழ் கையுறைமேல் வழிந்தது. இதயத்துக்குள் பூக்கோசு மாதிரி சதை முளைத்திருந்தது. மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை அறுப்பை நிறுத்தச் சொன்னாள். மேலாளர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பத்து மணிக்கு ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. மனிதருக்கும் தொற்றும் கிருமி என்றார் ஆய்வாளர். கையில் ஒரு வெட்டுக்காயம் போதுமாம். அது வழியாக மூளை உறை வரைக்கும் போய்விடுமாம்.

“காய்ச்சல் வரும், புத்தி பேதலிக்கும். சில பேருக்கு அதுக்கு முன்னாடியே காது போயிடும் மேடம்.”

போன வாரம் ரேடியோ உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டான். கட்டுப் போட்டுவிட்டவள் அவள்தான். நேற்றுச் சாப்பிடும்போது குளிருகிறது என்று ஸ்வெட்டர் கேட்டான். அவன் அண்ணன் மூன்று தடவை கூப்பிட்டும் திரும்பவில்லை.

போனை வைத்தபோதுதான் கவனித்தாள். மேல் தண்டவாளத்தில் கொக்கிகள் வெறுமனே வந்துகொண்டிருந்தன. ஐந்து. ஆறு. ஏழு. ஏன் தாமதம் என்று கேட்க மேலாளர் பட்டிப் பக்கம் போய்ச் சற்று நேரமாகியிருந்தது.

ஓடினாள். தொட்டியைத் தாண்டி. பிளாஸ்டிக் திரையை விலக்கி.

கழுத்தறுப்பவர் ரத்தக் கால்வாயில் குப்புறக் கிடந்தார். அவர் கத்தி அவர் முதுகில். சுற்றிலும் பன்றிகள் வழுக்கி விழுந்து, எழுந்து, அவரை மிதித்துக்கொண்டு ஓடின.

ரேடியோ முதுகைக் காட்டி நின்றான். சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. சங்கிலியை மாட்டி விசையை இழுத்தான்.

வெள்ளை பூட்ஸ் மேலே போனது. பிறகு முழங்கால். பிறகு மேலாளரின் முகம்.

நிறுத்தச் சொல்லிக் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். அவன் அசையவில்லை. சங்கிலியை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் அவனுக்கு அந்தப் பக்கம். பாய்ந்தாள். வழுக்கியது. விழுந்தாள்.

அவன் திரும்பினான். கண்கள் செக்கச்செவேல். யாரென்றே தெரியாத பார்வை. இடுக்கியை விரித்துக்கொண்டு குனிந்தான்.

“ஒண்ணுமில்ல,” என்றான் மெதுவாக, பன்றியைச் சாந்தப்படுத்துவதுபோல. “ஒண்ணுமில்ல.”

அவன் தோளுக்கு மேலே சங்கிலி நகர்ந்துகொண்டிருந்தது. திரை விலகியது. ஆவி. தொட்டிக்குள் தலை இறங்குவதற்கு முன், மேலாளரின் கண்கள் இமைத்தன.