மூன்றால் வகுபட்டது!

"செஞ்சு காட்டுங்க சார்!"

சாரைக் கேள்வி மட்டும் கேட்டுடாதே என்று அம்மா பெத்தம்மாள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

மோகனா கேட்டுவிட்டாள்!

தஞ்சோங் கிளிங் டியூஷன் சென்டர். மோகனா இங்கே டீச்சர். முந்தாநாள் சாயங்காலம் இதே மாடிப்படியில் வதனாவை யாரோ தள்ளிவிட்டு... கழுத்து முறிந்து... கறை இன்னும் போகவில்லை.

சென்டர் முதலாளி பாலேந்திரனின் மனைவி அவள்.

தள்ளியது நான்தான் என்று ஒப்புக்கொண்டு லாக்கப்பில் இருப்பவர் சென்டரின் வேன் டிரைவர் மணியம். மோகனாவின் அப்பா!

வெள்ளைப் பலகையில் அந்த எண்.

471829635027.

கீழே 7, 11, 13 என்று பலகை நிறைய வகுத்தல்கள்.

"என்னத்தக் காட்டணும்?" பாலேந்திரன் சிரித்தார். "இது பகா எண்ணான்னு அன்னிக்கு சாயங்காலம் பூரா இங்கயே நின்னு பார்த்தேன். போலீஸே போட்டோ எடுத்துட்டுப் போயிட்டாங்க லா."

"இலக்கத்தையெல்லாம் கூட்டுங்க சார்."

"ஏய்..."

"நானே கூட்டிட்டேன். அம்பத்து நாலு! மூணால வகுபடும். நாலாம் ஆண்டுப் பையன் சட்டுனு சொல்லிடுவான், இது பகா எண் இல்லேன்னு. கணக்கு சார் நீங்க... சாயங்காலம் பூரா நின்னீங்களாக்கும்?"

அவர் முகம் வெளுத்தது.

"பொண்டாட்டியத் தள்ளிட்டு, ஓடி வந்து வாய்க்கு வந்த நம்பரைக் கிறுக்கியிருக்கீங்க. ச்சீ! பொய்யக்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியல!"

அவர் கை டஸ்டரை நோக்கிப் போனது...

"அழிங்க. போட்டோ போலீஸ்கிட்ட இருக்கு. எடுக்கச் சொன்னதே நீங்கதானே?"

கை நின்றது. பிறகு... அவர் சிரித்தார்!

"போய்ச் சொல்லு. உங்கப்பா ஏன் ஒத்துக்கிட்டாரு தெரியுமா? 'உன் மகதான் தள்ளிட்டா மணியம்'னு சொன்னேன். பாவம், அப்படியே நம்பிட்டாரு! அவர வெளிய எடுத்தா உள்ள போறது நீதான் லா!"

சிம்பாங் அம்பாட் தோட்டத்தின் முதல் பட்டதாரி என்று மோகனாவுக்கு மாலை போட்ட கை இது! அந்தக் காலைத் தொட்டு வேறு கும்பிட்டிருக்கிறாள்... உள்ளங்கையைச் சட்டையில் அழுத்தித் துடைத்தாள்.

"அன்னிக்கு சாயங்காலம் நான் இங்கயே இல்ல, செங் டவுன்ல இருந்தேன் சார். வேற சென்டர்ல இன்டர்வியூ. உங்ககிட்டயும் சொல்லல, அப்பாகிட்டயும் சொல்லல. எதிர்ல மூணு பேர் உக்காந்து கேள்வி கேட்டாங்க!"

பாலேந்திரன் நாற்காலியைத் தேடினார்.

மோகனா கதவைத் திறந்தாள். போலீஸ் ஸ்டேஷனுக்கு எந்த பஸ் என்று வரும்போதே பார்த்து வைத்திருந்தாள்.

"ஜெயில்ல உங்களுக்கு ஒரு நம்பர் குடுப்பாங்க சார். அது பகா எண்ணான்னு நிதானமாப் பாருங்க... இந்தத் தடவை நெஜமாவே நேரம் கெடைக்கும்!"